விரதம் பிடிக்கும் மனம் எடைகுறைப்பில் ஏன் தளர்கிறது? படிப்படியான வழிகாட்டி

எங்கள் அலுவலகத்தில் கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுத்துக்கொண்டு, வேலைக்கும் வந்து, மாலையில் கோயிலுக்கும் போகும் பெண்கள் நான்கு பேர் இருக்கிறோம். கேதார கௌரி விரதம் 21 நாள்; அதையும் விடுவதில்லை. அதே நான்கு பேரும் "இந்தத் திங்கள் முதல் சோற்றைக் குறைக்கிறேன்" என்று சபதம் எடுத்து, பெரும்பாலும் புதன்கிழமையைத் தாண்டியதில்லை. நான் மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் விட்டவள். நான்காவது முறைதான் 82 கிலோவிலிருந்து 69 கிலோவுக்கு வந்தேன். அதற்கு 14 மாதம் எடுத்தது.

மனவுறுதி இல்லாதவர்கள் என்று எங்களை யாரும் சொல்ல முடியாது. உகந்தை வழியாகக் காட்டுக்குள் இறங்கிக் கதிர்காமத்துக்கு நடந்து போகிற சனங்கள் நாங்கள். சந்திக் கடைக்குப் போகக்கூட ஓட்டோ தேடுகிற என் பெரியம்மா, ஆடியில் அந்தப் பாதயாத்திரையை இரண்டு முறை முடித்தவர். அங்கே இருக்கிற மனம் இங்கே எங்கே போகிறது என்று யோசித்தபோதுதான் எனக்கு வழி தெரிந்தது. விரதத்தில் நாம் ஊக்கத்தை நம்பி இருப்பதில்லை. விதி தெளிவாக இருக்கிறது, கூட ஆள் இருக்கிறது, வீட்டுச் சமையலும் அதற்கேற்ப மாறிவிடுகிறது, சாப்பிடச் சொல்லி யாரும் வற்புறுத்துவதில்லை. இந்த நான்கையும் எடைகுறைப்புக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதைத்தான் கீழே எழுதுகிறேன். விரதத்தோடு ஒப்பிட முடியாத ஓரிடமும் இருக்கிறது. அது கடைசிப் படியில்.

படி 1: உடம்பைக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்

சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுபவர்களும் குளிசை எடுப்பவர்களும் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். பிரஷர் மருந்தின் அளவையும் எடை குறையக் குறைய மாற்ற வேண்டி வரலாம். ஆகவே கிளினிக்கில் முதலில் சொல்லுங்கள். நெஞ்சுநோ, முழங்கால் நோ உள்ளவர்களும் அப்படியே.

அன்றைக்கே மூன்று எண்களை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்: எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம். நம்மைப் போன்ற ஆசிய உடல்வாகுக்கு உடற்திணிவுச் சுட்டி (BMI: கிலோ எடையை மீற்றர் உயரத்தால் இரண்டு தரம் வகுத்தால் வருவது) 23ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. இடுப்பளவு பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்குள் இருப்பது நல்லது. என் உயரம் 1.55 மீற்றர். 82 கிலோவில் என் சுட்டி 34. இப்போது 29க்குச் சற்றுக் கீழே. இன்னும் முடியவில்லை என்பது எனக்குத் தெரியும்.

முதல் இலக்கு உங்கள் எடையில் நூற்றுக்கு ஐந்து. எனக்கு அது நான்கு கிலோ. அந்த அளவு குறைந்தாலே சீனியிலும் பிரஷரிலும் நல்ல மாற்றம் தெரியத் தொடங்கும். திருமணப் புகைப்படத்தில் இருந்த எடையை இலக்காக வைத்ததுதான் முதல் மூன்று முறையும் நான் செய்த பிழை.

படி 2: ஆசையை எழுதாமல் விதியை எழுதுங்கள்

"குறைவாகச் சாப்பிடுவேன்" என்பது விதி அல்ல. விரதத்தில் யாராவது "கொஞ்சமாகச் சாப்பிடு" என்றா சொல்கிறார்கள்? எதைச் சாப்பிடலாம், எப்போது சாப்பிடலாம் என்பது முன்பே முடிவாகியிருக்கிறது. ஒவ்வொரு வேளையும் மனத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

என் கொப்பியில் முதல் மாதம் மூன்று விதிகள்தான் இருந்தன. தேநீரில் சீனி அரைக்கரண்டி. மதியம் சோறு ஒரு கோப்பை, அதைவிட அதிகமாக மரக்கறி. இரவு எட்டு மணிக்குப் பிறகு அடுப்படிக்குள் போவதில்லை. அவ்வளவுதான்.

சீனியை ஏன் முதலில் எழுதினேன் என்று சொல்ல வேண்டும். அலுவலகத்தில் நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டி. கரண்டிக்கு நான்கு கிராம் என்று வைத்தாலும் நாளுக்கு 48 கிராம் சீனி, ஏறக்குறைய 190 கலோரி. என் அன்றைய எடையில் முக்கால் மணிநேரம் விறுவிறுவென்று நடந்தாலும் 215 கலோரியளவுதான் செலவாகும். காலையில் வியர்க்க வியர்க்க நடந்ததைப் பகலில் தேநீருக்குள் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இந்தக் கணக்கைப் பார்த்த நாளில் எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நடந்தும் குறையவில்லையே என்று மனம் உடைபவர்களில் பலருக்குக் காரணம் சோம்பல் அல்ல, இந்தக் கணக்குத்தான்.

நாக்கு பழக மூன்று வாரம் ஆனது. இப்போது மூன்று கரண்டி போட்டுத் தந்தால் குடிக்க முடிவதில்லை.

படி 3: மனம் வராத நாளுக்கென்று ஒரு சிறிய அளவு

நடை என்றால் எனக்கு மட்டக்களப்பு வாவியின் மேலுள்ள கல்லடிப் பாலம். பிரித்தானிய ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரில் 1924இல் திறந்த பழைய பாலம் அது. 2013இல் பக்கத்தில் புதிய பாலம் வந்த பிறகு நடப்பவர்களுக்கு அது அமைதியான இடமாகிவிட்டது. நீளம் ஏறத்தாழ 290 மீற்றர். மூன்றரைத் தரம் கடந்தால் ஒரு கிலோமீற்றர். கைத்தொலைபேசியில் அடி எண்ணாமல் பாலத்தை எண்ணுவது எனக்குப் பிடித்திருக்கிறது. நாளுக்குப் பத்தாயிரம் அடி என்பது வேதவாக்கும் அல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, இரண்டு நாள் தசைக்கு வேலை: பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதுதான். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும். பாட்டை எங்கள் வாவியின் பாடும் மீன்களிடம் விட்டுவிடுங்கள்.

ஆனால் முக்கியமானது முழு அளவு அல்ல, குறைந்தபட்ச அளவு. எனக்கு அது "சப்பாத்துப் போட்டுப் பாலத்தின் வாய்வரை போவது". அங்கிருந்து திரும்பி வந்தாலும் அன்றைய கணக்கில் வரவுதான். 14 மாதத்தில் அப்படித் திரும்பி வந்தது ஒன்பது நாள். மற்ற நாள்களில் பாலத்தின் வாயில் நின்றபோது, வந்தது வந்துவிட்டோம், ஒரு தரம் கடப்போம் என்று கால் தானாகப் போனது. மனம் வந்த பிறகு நடக்கலாம் என்று இருந்திருந்தால் இன்றும் கட்டிலில்தான் இருந்திருப்பேன். நடக்கத் தொடங்கினால் மனம் பின்னால் ஓடி வருகிறது.

உடுப்பையும் சப்பாத்தையும் இரவே கதவருகில் வைத்துவிடுங்கள். அதிகாலை நாலேமுக்காலுக்கு அலுமாரியைத் திறந்து தேடும் அளவுக்கு எவருக்கும் பக்தி கிடையாது.

எத்தனை நாளில் பழக்கமாகும்? லண்டனில் ஃபிலிப்பா லாலியும் கூட்டாளிகளும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய பழக்கம் யோசிக்காமலே நடக்கிற நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் தேவைப்பட்டது. சிலருக்கு 18 நாள். சிலருக்கு 254 நாளாகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பில்லை என்பதையும் அதே ஆய்வில் கண்டார்கள். ஒரு மண்டலம் 48 நாள் என்று நம் பெரியவர்கள் வைத்திருப்பது இந்தக் கணக்கிலிருந்து அவ்வளவு தூரத்தில் இல்லை. எனக்கு மூன்றாவது மாதத்தில்தான் நடக்காவிட்டால் எதையோ மறந்த மாதிரி இருந்தது.

படி 4: காத்து நிற்க ஓர் ஆள்

இது குறுகிய படி, ஆனால் இதைத் தாண்டிப் போகாதீர்கள். அடுத்த ஒழுங்கையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஓர் அக்கா இருக்கிறார். காலை ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கையில் ஒரு தடியோடு சந்தியில் நிற்பார். தடி நாய்க்கு, எனக்கும்தான் என்று அவர் சொல்வார். என் உடம்புக்காக எழும்பாத நான், அந்த மனிசி தனியே இருட்டில் நிற்கிறாரே என்பதற்காக எழும்பினேன். பெண்கள் தனியே நடக்க யோசிக்கிற நேரத்தில் இரண்டு பேராகப் போவது பாதுகாப்பும்கூட. ஆள் கிடைக்காதவர்கள் வேறு ஊரில் இருக்கும் தங்கையோடு உடன்பாடு செய்துகொள்ளலாம்: நடந்து முடிந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு படம். படம் வராவிட்டால் அவர் அழைக்க வேண்டும்.

ஒரேயொரு எச்சரிக்கை. எடையை ஒப்பிட்டுப் பார்க்கிற கூட்டாளி வேண்டாம்.

படி 5: அடுப்படியை மாற்றுங்கள், ஊரின் சாப்பாட்டை மாற்றாதீர்கள்

இணையத்தில் பார்த்து ஓட்ஸும் ஒலிவ் எண்ணெயும் வாங்கிய கதை எனக்கும் உண்டு. இரண்டாவது முயற்சி அதில்தான் முடிந்தது. வீட்டில் எல்லோருக்கும் பிட்டு, எனக்கு மட்டும் கஞ்சிப் பசை என்றால் பத்து நாள் தாங்கலாம். பதினோராவது நாள் பிட்டுக் குழலோடு உட்கார்ந்துவிடுவோம்.

மட்டக்களப்பு, அம்பாறைச் சாப்பாட்டில் எடை குறைக்கத் தேவையான எல்லாமே இருக்கிறது. வாவி மீனும் கடல் மீனும் நெத்தலியும் இறாலும் நல்ல புரதம். புரதம் பசியை நீண்ட நேரம் பிடித்து வைக்கும், எடை குறையும்போது தசை கரைந்துபோகாமலும் காக்கும். வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை எல்லாம் வேலியிலும் சந்தையிலும் கிடைக்கின்றன. பயறு, கௌபி, கடலை இருக்கின்றன. கெடுதல் அளவிலும் சேர்மானத்திலும்தான்.

எங்கள் வீட்டில் செய்த மாற்றங்கள் இவை. பிட்டுக்கு அரிசிமாவும் குரக்கன்மாவும் பாதிக்குப் பாதி. எனக்கு ஒரு குழல், கூடவே மீன் கறியும் ஒரு கீரையும். நாளுக்கு ஒரு தேங்காய் உடைத்த வீட்டில் இப்போது அரைத் தேங்காய். கறிக்குக் கப்பிப்பால் (பிறகு பிழிகிற தண்ணிப் பால்), முதற்பால் ஒரு கறிக்கு மட்டும். நூறு கிராம் துருவிய தேங்காய்ப்பூவில் ஏறக்குறைய 350 கலோரி இருக்கிறது என்று தெரிந்த பிறகு சம்பலை அள்ளாமல் தொட்டுக்கொள்ளப் பழகினேன். பொரித்த மீன் வாரத்தில் ஒரு நாள். எருமைத் தயிரை நான் விடவில்லை. எங்கள் ஊரில் இருந்துகொண்டு அதை விடுவது எனக்கு முடியாத காரியம். சட்டியோடு மேசைக்கு வராமல் சின்னக் கிண்ணத்தில் வரும், சீனிக்குப் பதில் ஒரு வாழைப்பழம்.

சோற்றுப் பானை மேசைக்கு வரக்கூடாது என்பது இன்னொரு விதி. அடுப்படியிலேயே கோப்பையில் போட்டுக்கொண்டு வந்து உட்காருவேன். மறுசோறு வேண்டுமென்றால் எழும்பிப் போக வேண்டும். அந்தப் பத்து அடி நடை எத்தனையோ அகப்பைச் சோற்றைத் தடுத்திருக்கிறது. வெளியில் சோற்றுப் பார்சல் வாங்குகிறவர்கள் பிரித்ததும் பாதியை ஒதுக்கிவிடுங்கள். ஒரு பார்சல் பல நேரம் இரண்டு பேருக்கானது.

சமைப்பவர் மாமியாராக இருந்தால் "இதைக் குறையுங்கள்" என்று தொடங்காதீர்கள். "மாமி, உங்கள் வல்லாரைச் சம்பல் தினமும் வேண்டும்" என்று தொடங்குங்கள். ஒன்று கூடினால் இன்னொன்று தானாகக் குறையும். என் மாமியிடம் இது பலித்தது. இப்போது அவரே குரக்கன்மா தீர்ந்துபோனதை எனக்கு முன் கவனிக்கிறார்.

படி 6: அகப்பையைத் தடுக்கும் ஒரு வசனம்

"இன்று விரதம்" என்றால் அகப்பை நடுவானில் நின்றுவிடும். "சாப்பாட்டைக் குறைத்திருக்கிறேன்" என்றால் இரண்டு அகப்பை கூடுதலாக விழும். உபசரிப்பில் தோற்கிற ஆள்களில்லை எங்கள் ஊரார். பொய்யாக விரதம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் "டொக்டர் அளவு சொல்லியிருக்கிறார்" என்பது உண்மை. அதுவும் அதே வேலையைச் செய்கிறது. கோப்பையை முதலில் மரக்கறியால் நிரப்பிக்கொள்வதும் உதவும். வெறுங்கோப்பையைக் கண்டால்தான் பரிமாறுகிறவர்களுக்குக் கை துறுதுறுக்கும்.

எட்டுக் கிலோ குறைந்ததும் இன்னொரு வகைப் பேச்சு தொடங்கியது. "என்ன மனே, இப்படி உருகிப்போனாய், சீனி வருத்தமோ?" ஒரு சாவீட்டில்கூட என்னைக் கேட்டார்கள். முகம் வாடிவிட்டது, கன்னம் ஒட்டிவிட்டது, பழைய உடம்புதான் வடிவு. எடை குறைக்கிறவர்கள் பலர் கைவிடுவது பசியால் அல்ல, இந்த வார்த்தைகளால். இதற்கும் பதிலை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய பதில்: "இல்லை அன்ரி, நான்தான் குறைக்கிறேன். பிரஷர் இப்போது நன்றாக இருக்கிறது." சொல்லிவிட்டு அவருடைய முழங்காலைப் பற்றி விசாரியுங்கள். பேச்சு திரும்பிவிடும்.

படி 7: தளரப்போகும் நாள்களை நாட்காட்டியில் குறியுங்கள்

பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு முதல் குளிர்த்தி வரை, ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் திருவிழா, தீபாவளி, காத்தான்குடியிலிருந்து வேலைக்கு வருகிற தோழி வீட்டில் பெருநாள், தெரிந்த கல்யாணங்கள். சென்ற ஆண்டு எண்ணிப் பார்த்தேன்: 31 நாள். அந்த 31 நாளும் மனம் நிறையச் சாப்பிட்டேன். பெருநாள் வட்டிலப்பத்தை ஒரு கரண்டியோடு நிறுத்தச் சொல்கிற வழிகாட்டியை நான் எழுதமாட்டேன். மிச்சம் 334 நாள் இருக்கிறது, கணக்கு அங்கேதான்.

எடை ஏறுவது பண்டிகையன்று அல்ல, மறுநாள். பலகாரத் தகரம் மேசையில் இருக்கிற அந்த மூன்று நாளில்தான். ஆகவே பண்டிகை மாலையிலேயே மிச்சத்தைப் பங்கிட்டு அயலுக்குக் கொடுத்துவிடுங்கள். புண்ணியமும் உண்டு.

பருவத்தையும் குறியுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை ஏழு மணிக்கே வெயில் சுடும்; ஆறரைக்குள் முடித்துவிடுங்கள், தண்ணீர்ப் போத்தல் கையில் இருக்கட்டும். கார்த்திகை, மார்கழியில் வாடை மழை வந்தால் ஒழுங்கையே குளமாகிவிடும். என் மூன்றாவது முயற்சி ஒரு நவம்பர் மழையோடு போனது. இப்போது கொப்பியில் இப்படி இருக்கிறது: மழை பெய்தால், விறாந்தையில் 20 நிமிடம். கதிரையில் உட்கார்ந்து எழும்புவது பதினைந்து தடவை, சுவரில் கைவைத்துத் தள்ளுவது பத்து, படியில் ஏறி இறங்குவது இரண்டு நிமிடம். மூச்சு வாங்கிக்கொண்டு திரும்ப முதலிலிருந்து. தசைக்கான வேலையும் இதில் முடிந்துவிடுகிறது. மழை வந்த பிறகு யோசித்தால் போர்வைதான் வெல்லும்.

படி 8: தராசுக்கு வாரத்தில் ஒரு நாள்

வெள்ளிக்கிழமை காலை, கழிவறைக்குப் போய் வந்த பின், தேநீருக்கு முன். வேறு நாளில் ஏறுவதில்லை. உடம்பின் நீர் அளவால் மட்டும் எடை ஒரு கிலோ, இரண்டு கிலோ மேலும் கீழும் போகும். முதல்நாள் கருவாட்டுக் கறி, சரியாகத் தூங்காத இரவு, பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்திய நாள்கள் எல்லாம் தராசில் தெரியும். ஆகவே பெண்கள் இந்த வாரத்தைப் போன மாதத்தின் அதே வாரத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

முதல் வாரம் இரண்டு கிலோ குறைந்தால் துள்ளாதீர்கள். உடம்பு சேமித்து வைக்கும் மாச்சத்து ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராமளவு நீரையும் பிடித்து வைத்திருக்கிறது. முதலில் போவது அதுதான். சூரன்போர் முடிந்து பாறணை செய்த மறுவாரமே பழைய எடை திரும்பி வருவதும் இதனால்தான். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. வாரம் அரைக் கிலோ என்பதே நல்ல வேகம். என் வேகம் மாதத்துக்கு ஒரு கிலோகூட இல்லை.

ஆறாவது மாதத்தில் எடை 74இல் நின்றுவிட்டது. ஏழு வாரம் அசையவில்லை. எடை குறைந்த உடம்புக்கு எரிபொருளும் குறைவாகவே போதும் என்பதால் இது எல்லோருக்கும் வரும். தராசு பேசாத அந்த நாள்களில் வேறு சாட்சிகள் தேவை. எனக்கு அளவுநாடா சொன்னது, அலுவலக மாடிப்படி சொன்னது. பெட்டியின் அடியில் கிடந்த ஒரு சட்டையின் கொளுக்கி மாட்டியது. அந்த ஏழு வாரத்தில் இடுப்பு மூன்று சென்ரிமீற்றர் குறைந்திருந்தது. பிறகு இரவுச் சாப்பாட்டில் ஓர் இடியப்பத்தைக் குறைத்து, பாலத்தில் நான்கு தரம் கூட்டினேன்.

படி 9: வழுக்கிய நாளில் செய்ய வேண்டியது

1975இல் ஹெர்மன், மேக் என்ற இரு ஆய்வாளர்கள், உணவைக் கட்டுப்படுத்தி வாழ்கிறவர்களுக்கு முதலில் மில்க்ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமை வேண்டிய மட்டும் எடுக்கச் சொன்னார்கள். மில்க்ஷேக் குடித்தவர்கள்தான் குடிக்காதவர்களைவிட அதிக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். விரதம் முறிந்துவிட்டது, இனி என்ன என்கிற மனம். அலுவலகத்தில் யாருக்கோ பதவி உயர்வு; ஒரு ரோல்ஸ் சாப்பிட்டோம். அத்தோடு அன்றைய நாளே போய்விட்டது என்று கேக்கும் பற்றீஸும் இரவுக்குக் கொத்துரொட்டியும் தொடரும்.

விரதத்தின் நல்லவற்றையெல்லாம் எடுத்துக்கொள்ளலாம். முறிதல் என்கிற எண்ணத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். அடுத்த வேளை எப்போதும்போல். பட்டினி கிடந்து ஈடுசெய்ய வேண்டாம், இரண்டு மடங்கு நடக்கவும் வேண்டாம். என் விதி ஒன்றுதான்: ஒரு நாள் விடலாம், தொடர்ந்து இரண்டு நாள் விடக்கூடாது. கொப்பியில் "ரோல்ஸ் 1" என்று எழுதிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுங்கள்.

படி 10: இதற்குப் பாறணை இல்லை

விரதத்துக்கு முடிவுநாள் உண்டு. இதற்கு இல்லை. ஒப்புமை இங்கேதான் உடைகிறது. இலக்கை அடைந்த அன்று பழைய கோப்பைக்குத் திரும்பினால் பழைய உடம்பும் திரும்பும். அமெரிக்காவில் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்பவர்கள் 1994இல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள், குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டுக்கு மேல் காத்தவர்கள் அதில் சேர்ந்தார்கள். அப்படிக் காத்தவர்களில் பெரும்பாலானோரிடம் கண்டவை மிகச் சாதாரணமானவை: வாரத்தில் ஒரு தடவையாவது எடை பார்க்கிறார்கள், நாளுக்கு ஒரு மணிநேரமளவு உடலை அசைக்கிறார்கள், காலைச் சாப்பாட்டை விடுவதில்லை.

ஆகவே ஒவ்வொரு விதியை எழுதும்போதும் இதை அறுபது வயதிலும் செய்வேனா என்று கேளுங்கள். அரைக்கரண்டிச் சீனி, ஆம். பாலத்து நடை, ஆம். ஓட்ஸ், சத்தியமாக இல்லை.

என் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 71 என்ற எண் சிவப்பு மையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைத் தராசு அதைத் தொட்டால் முதல் மாதத்து மூன்று விதிகளும் மறுபடி நடப்புக்கு வரும். சித்திரை வருடப்பிறப்பு முடிந்து ஒரு தரம் தொட்டது. வந்தன. நான்கு வாரத்தில் 69.